வாயைக் கழுவச் சொன்னவள்

நான் பிறந்த ராசிங்காபுரத்தில் சேலையை அலசிக் கொடியில் போட்டுவிட்டுக் குளித்துத் தலை துவட்டி வருவதற்குள் அது காய்ந்து மொடமொடவென்று நிற்கும். பூப்பாறைக்கு மேலே நாங்கள் இருக்கிற ஏலத்தோட்டத்தில் ஆனி பிறந்தால் ஆவணி முடியும் வரைக்கும் துணி காயாது. போன வாரம் துவைத்த பாவாடையை இந்த வாரம் பிழிந்தாலும் தண்ணீர் சொட்டும். லயம் என்று சொல்கிற வரிசை வீடுகளில் எங்களுக்கு ஒன்றரை அறை. அடுப்புக்கு மேலே சுவருக்குச் சுவர் கயிறு கட்டிப் புகையில்தான் காயப்போடுவோம். கயிற்றில் யார் துணிக்கு எந்த இடம் என்று எனக்கும் என் மகள் செல்வராணிக்கும் தினமும் ஒரு சண்டை நடக்கும். "கீழ தண்ணிக்குச் சண்ட போட்டீங்க, மேல வெயிலுக்குச் சண்ட போடுறீங்க" என்பார் என் வீட்டுக்காரர். இப்படி யாராவது வாய்விட்டுச் சொல்கிற பேச்சுகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பள்ளிக்கூடம் போனவள் இல்லை நான். மளிகைப் பொட்டலம் கட்டி வந்த தாள்களை அடுப்படியில் விரித்து வைத்து எழுத்துக் கூட்டியவள். அதனால் எழுத்தைவிட மனிதர்களின் பேச்சைத்தான் அதிகம் நம்பி வந்திருக்கிறேன். ஒரு பேச்சை நான் நம்பாமல் துப்பச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்யாணமாகி மலையேறி வந்த புதிதில் என்னைத் திடுக்கிட வைத்தது மழையோ அட்டையோ இல்லை. இந்த மலையாளத்து ஜனங்கள் சாவைப் பற்றிப் பேசுகிற விதம். டீக்கடையில் பால் அளக்கிறவர், பக்கத்து எஸ்டேட்டில் ஒருவர் இறந்ததை, "புள்ளி மரிச்சு போயி" என்று பாத்திரத்தைக் கீழே வைக்காமலே சொல்வார். நம் பக்கம் அப்படிச் சொல்வோமா? 'தவறிட்டாரு' என்போம், 'போய்ச் சேந்துட்டாரு' என்போம். அந்த வார்த்தைக்கே காது உண்டு, கூப்பிட்டால் வந்துவிடும் என்பது போல. வீட்டில் பிள்ளை கோபத்தில் 'செத்துப் போறேன்' என்று சொல்லிவிட்டால் பெற்றவள் அடிக்கக்கூட மாட்டாள். ஒரு செம்புத் தண்ணீரை நீட்டி, "வாயக் கழுவு" என்பாள். பிள்ளை கொப்பளித்து வாசலுக்கு வெளியே மூன்று முறை துப்ப வேண்டும். எச்சிலோடு சொல்லும் போய்விடும் என்பது கணக்கு. என் அம்மா எனக்குச் செய்தாள். நான் அதைப் பாண்டிக்குச் செய்தேன்.

பாண்டி என் அக்காவின் மூத்த மகன். அக்காவை உள்ளூரிலேயே ராசிங்காபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம்; தோட்டம் துரவு உள்ள குடும்பம். எழுபதுகளின் கடைசியில் பாண்டி எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் தவறினான். அவன் அப்பா முரட்டு மனிதர் இல்லை, ஆனால் வாய் நீளம். ஊரே படிக்காத ஊர், படிக்கப் போன இவனும் தவறிவிட்டான் என்று மானம் போனதாக நினைத்தார். அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பிள்ளையின் மனசுக்குள் எத்தனை கயிறு எங்கெங்கே இழுத்தது என்பது யாருக்கும் தெரியாது. இரண்டு வாரம் சித்தி வீட்டில் இருக்கட்டும், மனசு மாறும் என்று பஸ்சு ஏற்றி அனுப்பினார்கள். வந்தவன் சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடவில்லை என்பான். சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்பான். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பான். ஆசை ஆசையாய் வாங்கின கைக்கடிகாரத்தைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கட்டிவிட்டான். "பெரிய மனசுடா உனக்கு" என்று நான் மெச்சினேன்.

ஒரு சாயங்காலம் வாசலில் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். செல்வராணிக்கு அப்போது பத்து பதினோரு வயது. முறத்திலிருந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பாண்டி படியில் உட்கார்ந்திருந்தவன், யாரிடமோ விலை கேட்பது போல மெதுவாகச் சொன்னான்.

"நான் இல்லாட்டி அப்பாவுக்கு ஒரு பாரம் கொறையும்ல சித்தி. செத்துப் போயிரலாம்னு இருக்கு."

பயந்தேனே தவிர, ஏன் என்று நான் கேட்கவில்லை. எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்தேன். "வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது? மொதல்ல வாயக் கழுவு" என்றேன். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். சிரித்தான். கொப்பளித்து மூன்று முறை துப்பினான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து சாதுவாகிவிட்டான், தலை வாரினான், எனக்கு விறகு உடைத்துக் கொடுத்தான், ஊருக்குப் போகிறேன் என்றான். தண்ணீர் வேலை செய்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். ஊருக்குப் போன நாலாம் நாள், ஊருக்கும் மலைக்கும் ஆள் ஏற்றுகிற ஜீப்புக்காரர் சேதி கொண்டு வந்தார்.

வயிற்றுவலி தாங்காமல் செய்துகொண்டான் என்று போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். நம் பக்கம் இந்த மாதிரிச் சாவுகளுக்கெல்லாம் ஒரே வயிற்றுவலிதான். குடும்பத்துக்குப் பேச்சு வரக்கூடாது, கூடப் பிறந்த பெண்ணுக்கு நாளைக்கு இடம் தட்டிப் போகக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். மலைக்குத் திரும்பிய பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் நானும் அதையே சொன்னேன். சின்ன வயசிலிருந்தே வயிற்றுவலி என்று கையிலிருந்தும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். எங்கள் லயத்தில் பதினைந்து குடும்பம். பெரும்பாலும் வளர்ந்த பிள்ளைகள் உள்ள குடும்பம். அந்தச் சாவுக்கு முன்னால் பிள்ளை எப்படி இருந்தான், என்ன சொன்னான், எதைக் கொடுத்தான் என்று நான் சொல்லியிருந்தால் ஒருத்தியாவது தன் பிள்ளையை அன்றைக்கு உற்றுப் பார்த்திருப்பாள். நான் வயிற்றுவலி என்றேன். அவர்கள் ஓமத்தண்ணீர் வைத்தியம் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். என் பொய்யில் முதலில் ஏமாந்தவள் நான்தான்.

ஐந்தாறு வருஷம் கழித்து, செல்வராணிக்குப் பதினாறு நடந்தது. போடியில் தெரிந்தவர் வீட்டில் தங்கிப் படித்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டு மேலே வந்துவிட்டாள். கேட்டால் தலைவலி என்பாள். காய் எடுக்க என்னோடு வருவாள்; ஏலச்செடியடியில் குனிந்தால் நிமிராமலே அரை நாள் இருப்பாள். கூட வேலை செய்கிற பெண்கள், "உங்க மவ என்னக்கா, சாமியாராப் போகப் போறாளா?" என்று கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்தேன். ஆடி மாதம் ஒரு காலை, அடுப்பு மூட்டிவிட்டு என் சேலையைக் கயிற்றில் போட்டேன். இடம் தாராளமாகக் கிடைத்தது. இன்றைக்குச் சண்டை இல்லை என்று நிம்மதியாகக்கூட இருந்தது. சோறு கொதித்து இறக்கும்போதுதான் உறைத்தது, கயிற்றில் அவள் துணியே இல்லை. கேட்டேன். மூன்று தாவணியையும் நல்ல பாவாடையையும் பக்கத்து வீட்டு ராசாத்திக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். "எனக்கு எதுக்கும்மா அத்தன" என்றாள். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. பாண்டியின் கைக்கடிகாரம் அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வந்தது. வந்ததும் தள்ளினேன். அவனுக்கு வந்தது வயிற்றுவலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. பசி எடுக்க ஏதாவது டானிக் வாங்கலாம் என்று எஸ்டேட் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே நர்ஸாக இருந்தவர் தங்கம்மா சேச்சி. தடித்த கண்ணாடி, அதட்டல் குரல்; ஊசியைவிட அந்தக் குரலுக்குத்தான் லயத்துப் பிள்ளைகள் பயப்படும். நான் என் தமிழில் சொல்ல, அவர் தன் மலையாளத்தில் கேட்க, பாதி புரியும், பாதியைத் தலையாட்டி ஒப்பேற்றுவோம். பசி இல்லை, தூக்கம் இல்லை, துணியெல்லாம் தானம் செய்கிறாள் என்றேன். சேச்சி பேனாவை மூடி வைத்தார். செல்வராணியின் கையைப் பிடித்து, சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"மோளே, நினக்கு மரிக்கணும்னு தோணுன்னுண்டோ?"

சாகணும்போல இருக்கா என்று கேட்கிறார். என் பிள்ளையின் முகத்துக்கு நேரே. பெற்றவள் பக்கத்தில் நிற்கும்போதே சாபம் கொடுக்கிறாளா இவள் என்று நினைத்தேன். "யாருக்கு யாரு வாக்குச் சொல்றது? எந்திரிடி" என்று மகளின் தோளைப் பிடித்து இழுத்தேன். சேச்சிக்கு நான் சொன்னது புரியவில்லை. நான் பயந்து அழப்போவதாக நினைத்து எனக்கு ஒரு ஸ்டூலைத் தள்ளினார். அந்த இழுபறிக்கு நடுவில் செல்வராணி வாய் திறந்தாள்.

"உண்டு சேச்சி."

வெளியே தகரக்கூரை மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சேச்சி பதறவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை, உனக்கு என்ன குறை என்று அதட்டவில்லை. எத்தனை நாளாக, எந்த நேரத்தில் அதிகம், எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு அவள், "வீட்லயே இருக்கே" என்றாள். என் வீட்டுக்காரர் செடிக்கு மருந்தடிக்கிறவர். மிச்சம் விழுந்த மருந்தைச் சொந்த நாலு செடிக்கு ஆகுமே என்று வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். உப்பு ஜாடி இருக்கிற மாதிரி அது இருக்கும். அன்றைக்கு வரைக்கும் அந்த டின்னை நான் கூட்டிப் பெருக்கும்போது நகர்த்துகிற ஒரு சாமானாகத்தான் பார்த்திருந்தேன்.

எங்கிட்ட ஏண்டி சொல்லல என்று கேட்டேன். அழுகையும் கோபமுமாகத்தான் கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"பாண்டி அண்ணன் ஒங்கிட்டத்தானம்மா சொல்லுச்சு. நீ வாயக் கழுவச் சொன்ன."

இதற்கு மேல் எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

அன்றைக்குச் சேச்சி எனக்குச் சொன்னதைப் பிள்ளை பெற்ற எல்லாரும் கேட்டுக்கொள்ள வேண்டும். "சோதிச்சா மரிக்கில்ல. சோதிக்காஞ்ஞாலா பேடி" என்றார். கேட்பதனால் பிள்ளை சாகாது, கேட்காமல் விடுவதுதான் பயம். இல்லாத நினைப்பை நம் கேள்வி கொண்டுவந்து வைத்துவிடாது. இருக்கிற நினைப்பைத் தனியாகச் சுமக்கிறதே, அந்தச் சுமையை இறக்க ஒரு இடம் காட்டும், அவ்வளவுதான். கேட்டுவிட்டால் பதிலைத் தாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஊரில் எத்தனை பேர் கஷ்டப்படுகிறார்கள் தெரியுமா என்று ஆரம்பிக்கக் கூடாது. எனக்காக இருடி என்று காலில் விழவும் கூடாது. அது இன்னொரு பாரம். யாரிடமும் சொல்லாதே என்று பிள்ளை கேட்டால் அந்தச் சத்தியத்தை மட்டும் செய்து கொடுக்கக் கூடாது. அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். வைத்தியம் பிடிக்கும் வரை பிள்ளையைத் தனியே விடக் கூடாது; கையெட்டும் தூரத்தில் ஆபத்தான எதுவும் இருக்கக் கூடாது. இதையெல்லாம் சேச்சி மலையாளத்தில் சொல்ல, செல்வராணிதான் எனக்குத் தமிழில் சொன்னாள். தன்னை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று என் பிள்ளையே எனக்கு மொழிபெயர்த்தாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் எழுந்தார். டின்னைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு எஸ்டேட் ஸ்டோருக்குப் போய்ப் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு லயத்தில் மருந்தடிக்கிற ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் போய் நின்றார். எல்லாரும் ஸ்டோரிலேயே வைப்போம், காலையில் வாங்கிச் சாயங்காலம் கொடுத்துவிடுவோம் என்றார். "ஏன் மாப்ளே, ஒன் வீட்டுல காத்துக் கருப்புன்னா ஊரே கதவப் பூட்டணுமா?" என்று ஒருவர் கேட்டார். "என் மக சாகணும்னு நெனச்சா மாமா. ஒங்க வீட்லயும் ரெண்டு இருக்கு" என்றார் இவர். பதினேழு பதினெட்டு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவர். அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டவர் எழுந்து உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் டின் இருந்தது. எல்லாரும் கொடுத்துவிடவில்லை. பாதிப் பேர் கொடுத்தார்கள்.

மதுரையில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் சேச்சி சீட்டு எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலைப் பஸ்சிலேயே போனோம். பைத்தியத்துக்குப் பார்க்கிறார்கள் என்று ஊரில் பேச்சு வந்தது. வரட்டும் என்று இருந்தேன். கோடாங்கியிடமும் போகச் சொன்னார்கள்; போனேன், திருநீறும் வாங்கினேன், ஆனால் மாத்திரையை நிறுத்தவில்லை. குணமாகிவிட்டது என்று ஒரு நாளைக் குறித்துக் காட்ட என்னால் முடியாது. நன்றாக இருப்பாள், திடீரென்று ஒரு வாரம் சுவரைப் பார்ப்பாள், மறுபடி எழுந்து வருவாள். இந்தப் பிள்ளைகளுக்கு முகம் ஒரே நாளில் தெளிந்தால் நான் உடனே சந்தோஷப்படுவதில்லை. பாண்டியும் கடைசியில் தெளிவாகத்தான் இருந்தான். கேட்டுவிடுவேன். ஆனால் தமிழில் கேட்க இத்தனை வருஷமும் எனக்கு நாக்கு எழவில்லை. சேச்சி கேட்ட அதே மலையாளத்தில், "மோளே, தோணுன்னுண்டோ?" என்பேன். அவள் தமிழில் பதில் சொல்வாள்: "இன்னைக்கு இல்லம்மா." சில நாள், "கொஞ்சம் இருக்கும்மா." அன்றைக்கு நான் வேலைக்குப் போக மாட்டேன்.

போன மாசம் அரிசி வாங்கி வரலாம் என்று ராசிங்காபுரத்துக்கு இறங்கினேன். அக்காவின் சின்ன மகள் ஈஸ்வரிக்கும் இப்போது பதினாறு. பாண்டி போனபோது பாவாடை தடுக்கி விழுகிற பிள்ளை. அக்கா சோறு போட்டுக்கொண்டே மகளைப் புகழ்ந்தாள். ஆறு மாசமாக மூலையில் கிடந்தவள் இப்போது எவ்வளவு பொறுப்பாகிவிட்டாள் தெரியுமா என்றாள். தன் பாடப் புத்தகத்தையெல்லாம் கூடப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாளாம். ஆசையாய் வைத்திருந்த தோட்டைக் கழற்றி, செல்வராணி அக்காவுக்குக் கொடுத்து அனுப்பு என்கிறாளாம். ஒரு காகிதப் பொட்டலத்தை என் இலை ஓரத்தில் வைத்தாள் அக்கா. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

கை கழுவிவிட்டுப் பின்வாசலுக்குப் போனேன். ஈஸ்வரி துவைகல் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். மலையாளத்தில் கேட்டால் அவளுக்குப் புரியாது. நான் பிறந்த ஊரில், எனக்கு அந்தச் சொல்லைத் துப்பக் கற்றுக்கொடுத்த மண்ணில், தமிழில்தான் கேட்க வேண்டும்.

"ஆத்தா, செத்துப் போகணும்னு தோணுதா ஒனக்கு?"

பின்னால் அக்கா பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "ஏ முத்து, என்ன பேச்சுப் பேசுற எம் புள்ளகிட்ட" என்றாள். நான் திரும்பவில்லை. ஈஸ்வரி என் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"எப்படித் தெரியும் சித்தி?"

அன்று மதியம் அக்காவிடம் பாண்டி என்னிடம் சொன்னதையும், நான் செய்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். இத்தனை வருஷம் மறைத்தது. அவள் என் தோளில் ஓங்கி அடித்தாள். இன்னொரு அடி. பிறகு அடித்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஆனால் இரண்டு பேரும் ஈஸ்வரி கண்ணில் படும்படிதான் உட்கார்ந்திருந்தோம். தோட்டத்து மோட்டார் அறையில் இருந்த பூச்சிமருந்தை அக்கா வீட்டுக்காரரே எடுத்துப்போய் வாங்கின கடையில் ஒப்படைத்துவிட்டு வந்தார். மறுநாளே மதுரைக்குப் போய்வந்தோம். வாரா வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா என்னை விடவில்லை. எனக்கு எப்படிக் கேட்கிறதுன்னு தெரியல, நீ இருந்து சொல்லிக் கொடு என்றாள்.

ஆனால் மேலே செல்வராணி இருக்கிறாள். புரட்டாசி வந்தும் அங்கே மழை விடவில்லையாம். போன வாரம் அவளுக்குக் 'கொஞ்சம் இருக்கும்மா' வாரம் என்று சேதி வந்தது. நான் மேலே வரட்டுமா என்று ஜீப்புக்காரரிடம் கேட்டு அனுப்பினேன். பதில் வந்தது: தங்கம்மா சேச்சி வீட்டில் படுத்துக்கொள்கிறேன், ஈஸ்வரியை விட்டுவிட்டு வராதே என்று. இதை எழுதும்போது நான் அக்கா வீட்டுப் பின்வாசலில் இருக்கிறேன். ஈஸ்வரி என் மடிக்கு எதிரே உட்கார்ந்து கடலை உரிக்கிறாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. மேற்கே மலை முழுவதும் மேகம், எங்கள் தோட்டம் எந்த மடிப்பில் என்றுகூட அடையாளம் தெரியவில்லை. ஈஸ்வரி பக்கம் பார்த்து உட்கார்ந்தால் மலை எனக்கு முதுகுப்புறம். மலையைப் பார்த்து உட்கார்ந்தால் இவள் முதுகுப்புறம். காலையிலிருந்து நான் பலகையைத் திருப்பித் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்.